மழை கேட்கும் நாட்காட்டி

(பட்டர்வொர்த்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயமும் கல்வியும் சேருமிடம் பற்றிப் பேச வேண்டும் என்பதுதான் இந்த அறக்கட்டளையின் ஒரே நிபந்தனை. எந்தச் சமயம் என்று பத்திரத்தில் எழுதவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் நுழைந்துவிட்டேன். அழைப்பிதழில் 'யூதர்களின் திருநாள்கள்' என்று பார்த்த நண்பர் ஒருவர் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, அச்சுப் பிழையா?" என்று கேட்டார். இல்லை. இங்கிருந்து படகேறினால் இருபது நிமிடத்தில் தீவு. அங்கே இறங்கிக் கொஞ்சம் சுற்றினால் இந்தத் தலைப்பு கல்லில் வெட்டிக் கிடக்கிறது.

ஜாலான் சைனால் அபிடின் என்று இன்று சொல்கிற தெருவுக்கு முன்பு யாஹூடி ரோடு என்று பெயர். மலாயில் யாஹூடி என்றால் யூதர். அந்தத் தெருவில் சுவர் சூழ்ந்த ஓர் இடுகாடு இருக்கிறது. 1805இல் ஏற்பட்டது என்று சொல்கிறார்கள். இன்று இருப்பதில் மிகப் பழைய கல் 1835 ஜூலை 9 என்ற தேதியைத் தாங்கியது; சோஷன் லேவி என்ற அம்மையாருடையது. நூற்றுச் சொச்சம் கல்லறைகள். கூரை போட்ட பெட்டி போலச் சரிந்த மூடிகள், எபிரேய எழுத்துகள். புரோகிதக் குலத்தவரான கோகேன்களுக்கு மட்டும் ஒரு மூலையில் தனி இடம். இறந்த பிறகும் குலமுறை தப்பவில்லை. நமக்குப் புரியாத விஷயமா அது?

அங்கே கிடப்பவர்களில் பெரும்பாலோர் பாக்தாத் யூதர் வழியினர். பாக்தாத், பாஸ்ரா, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வணிகக் கப்பல் போன தடத்தில் போனவர்கள். 1899 கணக்கில் பினாங்கில் 172 யூதர்கள். அவர்களுடைய தொழுகைக் கூடம் 1929இல் திறந்தது. நம் கிறித்தவ நண்பர்கள் ஜெப ஆலயம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அது இருந்த முகவரி நாகூர் ரோடு, 28ஆம் எண்.

நாகூர் ரோடு! பாக்தாதிலிருந்து புறப்பட்டு வந்தவன் எருசலேம் இருக்கும் திசை பார்த்துத் தொழுகிறான். அவன் நிற்கிற தெருவுக்கு நம் சோழமண்டலக் கரையின் பெயர். இந்த ஊரில் தாயகம் என்ற சொல்லை ஒருமையில் சொல்வது எப்போதுமே சிரமம்தான்.

அந்த ஜெப ஆலயம் 1976இல் மூடியது. காரணம் எளியது. யூத முறைப்படி பொது வழிபாடு நடக்கப் பருவம் எய்திய ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். மின்யான் என்பார்கள். (பெண்களையும் கணக்கில் சேர்க்கும் பிரிவுகள் இன்று உண்டு, அந்தக் காலப் பினாங்கில் அது இல்லை.) பத்துப் பேர் கிடைக்கவில்லை. கட்டடம் இருந்தது, ஏடு இருந்தது, கடவுளும் இருந்திருப்பார். ஒன்பது பேர் இருந்தார்களோ என்னவோ, பத்தாவது ஆள் இல்லை.

இந்தப் பத்து என்ற எண் எனக்குப் பல நாள் உறுத்தலாக இருந்தது. நம் கோயிலில் குருக்கள் ஒருவரே நின்று கால பூசையை முடித்துவிடலாம். யாரும் வராவிட்டாலும் விளக்கு எரியும். அங்கே ஆள் சேராவிட்டால் சில வேண்டுதல்களை வாய்விட்டுச் சொல்லவே கூடாது. இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் அப்படிப்பட்டது. மறைநூலான தோரா ஏட்டைத் திறந்து முறைப்படி வாசிப்பதும் அப்படிப்பட்டதுதான். அவர்களுக்குத் திருநாள் என்பது முக்கியமாக வாசிப்பு. பத்துப் பேர் கூடி ஒரு நூலை உரக்கப் படிக்காவிட்டால் திருநாள் பாதிதான் வந்ததாகக் கணக்கு.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் கி.பி. 70க்குப் போக வேண்டும். ரோமானியப் படை எருசலேம் கோயிலை இடித்த ஆண்டு. அதுவரை அவர்களுடைய பெருந்திருநாள்கள் மூன்றும் நடைப்பயணத் திருநாள்கள். வசந்தத்தில் பஸ்கா. அங்கிருந்து ஐம்பதாம் நாள் ஷாவுவோத். இலையுதிர்காலத்தில் கூடாரத் திருநாளான சுக்கோத். மூன்றும் வயலோடு ஒட்டியவை. பஸ்காவுக்கு வாற்கோதுமை முற்றும்; ஷாவுவோத்தில் கோதுமை அறுவடை, முதற்கனி; சுக்கோத்தில் களம் கூட்டி, திராட்சை பிழிந்து முடித்த நிறைவு. காவடி எடுத்துத் தண்ணீர்மலை ஏறுகிற மாதிரி, கூடையில் கனியோடு எருசலேம் மலை ஏறினார்கள்.

கோயில் போனது. காலப்போக்கில் நிலமும் கைவிட்டுப் போனது. அறுவடை இல்லாதவன் அறுவடைத் திருநாளை எப்படிக் கொண்டாடுவது? யோகனான் பென் சக்காய் என்ற பேராசான் எருசலேமிலிருந்து தப்பி, யாவ்னே என்ற சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் தமக்கு விட்டுத்தருமாறு ரோமத் தளபதியிடம் கேட்டார் என்பது தால்முது என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்லும் கதை. கோயிலைக் கேட்கவில்லை, பள்ளிக்கூடத்தைக் கேட்டார். கதையா வரலாறா என்பதில் ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். ஒரு சமூகம் தன்னைப் பற்றி எந்தக் கதையைச் சொல்லிக்கொள்கிறது என்பதே எனக்குப் போதும். சுக்கோத்தில் கோயிலில் மட்டும் ஏழு நாளும் பிடித்த குருத்தோலைக் கொத்தை, கோயில் நினைவாக இனி எல்லா ஊரிலும் ஏழு நாளும் பிடிக்கலாம் என்று யோகனான் விதி செய்ததை, தால்முதுக்கு அடிப்படையான மிஷ்னா பதிவு செய்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: அவர்கள் திருநாளில் நிலம் இருந்த இடத்தில் பாடம் வந்து உட்கார்ந்தது. நிலம் மறைந்துவிடவில்லை. பாடத்துக்குள் குடிபுகுந்தது.

ஒரு சான்று காட்டுகிறேன். முதற்கனிக் கூடையைக் கொண்டுபோய் வைக்கும்போது உழவன் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று தோராவின் உபாகமத்தில் இருக்கிறது. தன் மூதாதை நாடோடியாக அலைந்ததையும், சில பேராக எகிப்துக்குப் போனதையும், அங்கே அடிமைப்பட்டு மீண்டதையும், இந்த நிலம் கிடைத்ததையும் சொல்லி, இதோ அந்த நிலத்தின் கனி என்று வைப்பான். வயலில் நிற்பவனின் வாசகம் அது. இன்று அதே வாசகம் எங்கே இருக்கிறது தெரியுமா? எகிப்திலிருந்து மீண்டதை நினைக்கும் பஸ்கா இரவில் வீட்டு மேசையில் வாசிக்கும் ஹகதா என்ற கையேட்டின் நடுவில். அங்கே அதை ஒப்பிப்பதில்லை. சொல் சொல்லாகப் பிரித்து, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இதற்கு வேறெங்கே சான்று என்று உரை விரிக்கிறார்கள். கூடை இருந்த கையில் நூல்.

அந்த இரவை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்கா விருந்தில் பெரியவர் தாமாகத் தொடங்கக் கூடாது. வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும்: மற்ற இரவுகள் போல இந்த இரவு ஏன் இல்லை? ஏன் புளிக்காத ரொட்டி, ஏன் கசப்புக் கீரை? கேட்ட பிறகுதான் கதை. கேள்வி வரவேண்டும் என்பதற்காகவே சில வினோதங்கள் செய்வார்கள். சாப்பாட்டுக்கு முன் கீரையை உப்புநீரில் தோய்ப்பார்கள், ரொட்டியை ஒளித்து வைப்பார்கள். ஈராக் யூத வீடுகளில் பிள்ளை ரொட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எகிப்திலிருந்து வருகிற பயணி போல நடிப்பான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று பெரியவர்கள் கேட்பார்கள். எகிப்திலிருந்து, எருசலேமுக்கு என்பான். அந்த வழக்கத்தைச் சுமந்து வந்த குடும்பங்கள்தான் நாகூர் ரோட்டிலும் பஸ்காவுக்கு உட்கார்ந்தன.

படிப்பைத் திருநாளாக்கியதற்கு உச்சம் சிம்கத் தோரா. தோராவின் ஐந்து ஆகமங்களையும் வாரம் ஒரு பகுதியாக ஆண்டு முழுக்க வாசித்து, சுக்கோத்தின் இறுதியில் கடைசி வரியை முடிப்பார்கள். மூச்சு விடுவதற்குள் அதே நாளில் ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்குவார்கள். ஏட்டை மணமகளைப் போலச் சுமந்து ஆடுவார்கள். நம் சரசுவதி பூசையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் புத்தகத்தை அடுக்கி, பூசித்து, அன்று படிக்காமல் விட்டு, மறுநாள் விசயதசமியில் பிள்ளையின் கைபிடித்து அரிசியில் எழுத்துப் போடுகிறோம். (படிக்காமல் விடுகிற அந்த ஒரு நாளைப் பிள்ளைகள் எவ்வளவு பக்தியோடு கடைப்பிடிக்கிறார்கள் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும்.) இடைக்கால ஐரோப்பாவில் ஷாவுவோத் அன்று சிறுபிள்ளையைப் பள்ளிக்குத் தூக்கிப் போய், பலகையில் எழுதிய எழுத்தின் மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்களாம். அரிசியும் தேனும் வேறு. பெற்றோரின் பதற்றம் ஒன்று.

இனி மழைக்கு வருகிறேன். தலைப்பே அதுதானே.

சுக்கோத் ஏழு நாளும் வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டு அதில் உண்ண வேண்டும். கூரை தாவரமாக இருக்க வேண்டும். நிழல் தர வேண்டும். முழுதாக அடைத்துவிடவும் கூடாது, விண்மீன் தெரிந்தால் நல்லது. கொச்சி யூதர்கள் முடைந்த தென்னங்கீற்றில் போட்டார்கள். நம் ஊர்ப் பந்தல்காரர் யாரையாவது கூப்பிட்டால் அரை மணியில் முடித்துக் கொடுப்பார். கையில் பிடிக்க நான்கு வகைத் தாவரம். அதில் ஒன்று எத்ரோக், நாரத்தை வகைப் பெரிய எலுமிச்சை. ஊறுகாய் போடும் கடாரங்காய்க்கு உறவு. கடாரங்காய் என்றதும் பக்கத்து ஊரான கடாரம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல. சொல்லாராய்ச்சி எதையும் நான் இங்கே நிறுவ வரவில்லை.

எருசலேமில் கோடை முழுக்க மழை இல்லை. மழைக்காலம் சுக்கோத் முடிந்த பிறகுதான். அதனால் மழை பற்றிய பேச்சையே வழிபாட்டில் ஏழு நாளும் தள்ளிவைத்து, எட்டாம் நாள்தான் தொடங்குகிறார்கள். பந்தலில் இருக்கும்போது மழை பெய்தால் அது நல்ல குறி அல்ல என்கிறது மிஷ்னா. எசமானனுக்குக் கிண்ணம் நிரப்பிக் கொண்டுபோன வேலைக்காரன் முகத்திலேயே அதை அவர் ஊற்றியது போல என்று உவமையும் தருகிறது. கஞ்சி கெட்டுப்போகுமளவு பெய்தால் வீட்டுக்குள் போகலாம் என்றும் சலுகை தருகிறது.

இப்போது இதைப் பினாங்கில் வைத்துப் பாருங்கள். சுக்கோத் வருவது செப்டம்பர், அக்டோபர். இங்கே ஆண்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற மாதங்கள். தீவுக்குப் படகில் போகும்போது எதிர்க்கரை மறைந்துபோகிற அந்த மாலை மழை உங்களுக்குத் தெரியும். விண்மீன் தெரிய ஓட்டை விட்ட கூரையின் கீழ் கறிக் கிண்ணத்தோடு உட்கார வேண்டியவன் நிலையை நினைத்துப் பாருங்கள். நாட்காட்டி அவனை வறண்ட யூதேய மலையில் உட்காரவைக்கிறது, வானம் பினாங்கில் உட்காரவைக்கிறது. ஆனாலும் பந்தலைப் பிப்ரவரிக்கு மாற்றுவதில்லை.

இன்னொரு விசித்திரம். மழையைத் தினமும் வேண்டிக் கேட்கத் தொடங்கும் தேதி புனித நாட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று. வெளியூருக்கு இப்போது டிசம்பர் 4 அல்லது 5. அதென்ன கணக்கு? பழைய பாபிலோனிய உழவனுக்கு எப்போது மழை தேவையோ அந்தக் கணக்கு. தால்முதைத் தொகுத்தவர்கள் பாபிலோனில் இருந்தார்கள். அவர்களுடைய வயலுக்கான தேதி, வெளியூர் யூதர் அனைவருக்கும் விதியாக நின்றுவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் செருமனியில் பிறந்து ஸ்பெயினுக்குப் போன ஆஷர் பென் யெஹியேல் என்ற பெரும் சட்ட அறிஞர், நம் மண்ணுக்கு மழை வேறு மாதத்தில் அல்லவா வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார். கேட்பார் இல்லை, அவரும் விட்டுவிட்டார்.

பினாங்கு யூதருக்கு இதில் ஒரு தனி நியாயம் இருக்கிறது. பாபிலோன் அவர்களுக்குப் புராண ஊர் அல்ல. பாக்தாத் இருப்பது அந்த நிலத்தில்தான். ஆக நாகூர் ரோட்டில் நின்று டிசம்பரில் மழை கேட்டவர், திருநாளால் எருசலேமுக்கும், தேதியால் பாட்டன் ஊருக்கும் சேர்த்துக் கேட்டார். அவர் நின்ற ஊரைப் பற்றி நாட்காட்டி கேட்கவே இல்லை. டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு என்பதால் இங்குள்ள கிணறுகளுக்கும் அந்த வேண்டுதல் பொருந்திப்போனது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

நாம் மட்டும் என்ன செய்கிறோம்? தை முதல் நாள் பொங்கல் வைக்கிறோம். பக்கத்துக் கடாரத்து வயல்களில் முடா பாசனத்தால் ஆண்டுக்கு இரண்டு போகம். அவற்றின் அறுவடைக்கும் தைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காவிரிக் கரையின் அறுவடையை அடுக்குமாடி வீட்டின் வாசலில் பொங்கவைக்கிறோம். என் தகப்பனார் தலைமுறையில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் போவதை 'ஊருக்குப் போறது' என்பார்கள். பிறந்ததே தோட்டத்தில் என்றாலும் அப்படித்தான் சொல்வார்கள். கப்பல் நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தேதி நிற்கவில்லை.

தேதி என்றதும் இன்னொன்று. பண்டைக் காலத்தில் யூதர்கள் மாதப் பிறப்பைக் கணக்கால் தீர்மானிக்கவில்லை. பிறை கண்டவர்கள் எருசலேம் மன்றத்தில் சாட்சி சொல்ல, ஒலிவ மலையில் தீ மூட்ட, அதைப் பார்த்து அடுத்த மலையில் மூட்ட, பாபிலோன் வரைக்கும் செய்தி போகும். சிலர் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதால் பிறகு ஆளனுப்பினார்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு தொலைக்காட்சி முன் காத்திருக்கும் நம் நாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆள் வந்து சேராத தொலைவில் இருந்தவர்கள் சந்தேகத்துக்காகத் திருநாளை இரண்டு நாள் கொண்டாடினார்கள். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் காலத்தில் கணக்கு நிலைபெற்றது என்பது மரபு. சந்தேகம் தீர்ந்தது, இரண்டாம் நாள் தீரவில்லை. இன்றும் பழமை வழுவாத வெளியூர் யூதருக்குப் பஸ்கா விருந்து இரண்டு இரவு. தாயகம் எவ்வளவு தொலைவு என்பதை அவர்கள் ஒரு கூடுதல் நாளாகவே வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து யூதர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. கொடுங்கல்லூரில், அதாவது பழைய முசிறியில், சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். எழுத்து நம் வட்டெழுத்து. பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலான எழுபத்திரண்டு உரிமைகள், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுப் பெயரோடு. அந்தச் செப்பேட்டை அவர்கள் கொச்சியில் தோராவுக்கு அடுத்த செல்வமாகப் பாதுகாத்தார்கள். எருசலேமுக்கு ஏங்கிய சமூகம் சேரன் தந்த மண்ணுக்குப் பட்டயமும் பத்திரப்படுத்தியது. இரண்டும் முரண் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. 1568இல் கட்டிய ஜெப ஆலயத்துக்குப் பரதேசி என்றே பெயர். தமிழில் அந்தச் சொல் படும் பாட்டை நினைத்தால் சிரிப்பு வரும். அங்கே வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருள்தான். சிம்கத் தோராவில் கொச்சிக்காரர்கள் ஏட்டைச் சுமந்து ஆலயத்துக்கு வெளியேயும் வலம் வந்தார்கள். எருசலேமை ஏங்கும் பாட்டைப் பெண்கள் மலையாளத்தில் கட்டி, குறிப்பேட்டில் எழுதி, மகளுக்குக் கொடுத்தார்கள்.

கொங்கணக் கரையின் பெனே இசுரவேலர் கதை வேறு. எண்ணெய் ஆட்டும் தொழில். சனிக்கிழமை செக்கை ஓட்டமாட்டார்கள், அதனால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை வாணியர். நூல் கையில் இல்லாத நூற்றாண்டுகளில் ஓய்வுநாளும் ஒரே ஒரு வழிபாட்டு வாசகமும் விருத்தசேதனமும் உணவு விலக்கும் மட்டும் மிஞ்சின. அலிபாக் பக்கம் கண்டாலா என்ற ஊரில் ஒரு பாறைத் தடத்தைக் காட்டி, எலியா தீர்க்கதரிசியின் தேர் இங்கே வந்து வானேறியது என்பார்கள். மரங்களின் புத்தாண்டான தூ பிஷ்வாத் அன்று அவர் பெயரால் பழமும் இனிப்பு அவலும் வைத்துப் படைப்பார்கள். தாயகத்துக்குப் போக முடியாதவர்கள் தீர்க்கதரிசியையே வரவழைத்துவிட்டார்கள்.

பிறகு தாயகம் கைக்கெட்டியது. இங்கே நான் மெல்லப் பேச வேண்டும், விலகிப் போகக் கூடாது. நம் நாட்டுக்கு இசுரேலோடு தூதுறவு இல்லை. இந்த அவையில் பலருக்கு யூதர் என்ற சொல்லே பலஸ்தீனத் துயரத்தின் வழியாகத்தான் காதில் விழுகிறது. 1948இல் ஒரு சமூகத்தின் ஈராயிரம் ஆண்டு வேண்டுதல் அரசாக மாறியது. அந்த ஆண்டே இலட்சக்கணக்கான பலஸ்தீனர் வீட்டுச் சாவியோடு வெளியேறி, இன்னொரு தாயக ஏக்கம் தொடங்கியது. வழிபாட்டில் இருக்கும் நிலத்துக்கு எல்லைக்கல் கிடையாது. அரசின் நிலத்துக்கு உண்டு. இரண்டையும் ஒன்றென்று கொள்பவரோடு நான் உடன்படவில்லை. கல்லறையில் கிடக்கும் பினாங்குக்காரரை ஓர் அரசின் கணக்கில் எழுதுபவரோடும் உடன்படவில்லை.

தாயகம் சேர்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? கொச்சி யூதர் பெரும்பாலோர் 1950களில் போனார்கள். நெகேவ் பாலைநிலத்தில் நெவாதிம் என்ற குடியிருப்பு கிடைத்தது. இப்போது மூதாட்டிகள் கூடிப் பாடும் மலையாளப் பாட்டில் ஏக்கம் எந்தக் கரைக்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். கொச்சிக் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலை எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெனே இசுரவேலரையோ, நீங்கள் முழு யூதர்தானா என்று மதத் தலைமை சந்தேகித்தது. போராட்டம் நடத்தி 1964இல்தான் ஏற்பு வாங்கினார்கள். செக்கை நிறுத்திவைத்து ஓய்வுநாளைக் காத்தவர்களுக்கு அங்கே அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது.

பினாங்குக்காரர்கள் அப்படி ஒரே திசையில் போகவில்லை. சப்பானியர் வந்தபோது பலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். போருக்குப் பின் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, இசுரேல், அமெரிக்கா என்று சிதறினார்கள். இடுகாட்டின் கடைசிக் கல்லறையின் ஆண்டு 2011.

ஒரு விதியைச் சொல்லி அமர்கிறேன். பஸ்கா இரவில் பிள்ளை கேட்க வேண்டும் என்றேன். பிள்ளை இல்லாத வீட்டில்? மனைவி கேட்கட்டும் என்கிறது தால்முது. மனைவியும் இல்லையென்றால்? தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேரறிஞர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தாலும், விடை இருவருக்கும் தெரிந்திருந்தாலும், ஒருவரை ஒருவர் கேட்கத்தான் வேண்டும். 1976க்குப் பிறகும் இந்த ஊரில் எஞ்சியிருந்த சிலருக்கு எழுதிவைத்த விதி போலவே அது இருக்கிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி நேரம் உண்டு என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தமிழ்ப்பள்ளிச் சீருடையில் மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. கேளம்மா.